வாவ்ரா குளத்தின் இரண்டடி

ஒன்று

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரிந்தால் ஏமாற்றிவிட்டான் என்பீர்கள். ஆர்டிஸ் வாவ்ரா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பதில் சொல்லாமல் நான் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அவர் கேட்டது இதுதான்: "அந்த வளையத்தக் கழட்டி வச்சிருந்தா டேரன் பொழச்சிருப்பானா? ஜோலீன் என்னக் கேக்குறா. நான் உன்னக் கேக்குறேன்."

ஜோலீன் அவருடைய ஒரே மகள். டேரன் ஜோலீனின் கணவன். போன மார்ச்சில், ஆர்டிஸுக்குச் சொந்தமான அணைக்குக் கீழே, வெள்ளத்தில் போய்விட்டான். அணை என்றதும் மேட்டூரை நினைத்துக்கொள்ளாதீர்கள். நெப்ராஸ்காவில் எங்கள் பக்கம் இரண்டு மேடுகளுக்கு நடுவே மண்ணைக் கொட்டி, புல் வளர்த்து, சொந்த நிலத்தில் சொந்தமாக அணை வைத்திருக்கிறார்கள், மாடு வைத்திருப்பது மாதிரி. இது ஆர்டிஸின் மாமனார் கட்டியது. மூன்று மாடி உயரம். கீழே இருக்கிற ஹோலப் என்ற ஊர் வெள்ளத்தில் முழுகாமல் இருப்பதற்காகக் கட்டினார். பதினெட்டு வருஷமாக அதைப் பரிசோதித்து, படிவம் நிரப்பி, கையெழுத்துப் போட்டவன் நான்.

ஆக, அந்தக் கேள்வியில் எனக்கும் பங்கு இருக்கிறது. இதையும் இப்போதே சொல்லிவிட்டேன்.

இரண்டு

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

அன்று காலையிலிருந்து விடாமல் மழை. ஆர்டிஸ் சன்னல் அருகே நின்று

வேண்டாம். மழையில் ஆரம்பித்தால் பழியெல்லாம் மழை மேல் போய்விடும்.

அப்புறம் இப்படி:

லூமிர் வாவ்ராவுக்கு மீன் என்றால் உயிர். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே தப்பு

இதுவும் வேண்டாம். லூமிர் ஆர்டிஸின் கணவர். இறந்து நாலு வருஷம் ஆகிறது. செத்தவர் தலையில் போட்டுவிட்டுப் போவது ரொம்பச் சுலபம், அவர் வந்து மறுக்கப் போவதில்லை.

மூன்றாவது தேறும் என்று நினைக்கிறேன்:

ஆர்டிஸ் கல்யாணமாகி வந்த வருஷம், குளத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர் இருந்தது. மிச்சமெல்லாம் சேறும் கோரையும். "இதுக்குப் பேரு குளமா?" என்று மாமனாரிடம் கேட்டார். "யாரு குளம்னு சொன்னா? இது காலி எடம். காலியாக் கெடக்குறதுதான் இதோட வேல" என்றார் அவர். வெள்ளம் வந்தால் பிடித்து வைக்க இடம் வேண்டும், அதற்காக மற்ற நாளெல்லாம் காலியாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு குழாய் நட்டுக்குத்தாக நின்றது. தண்ணீர் அதன் வாய்வரை ஏறினால் உள்ளே விழுந்து, அணைக்கு அடியில் ஓடி, அந்தப் பக்கம் ஓடையில் சேர்ந்துவிடும். வெள்ளமில்லாத நாளில் அதற்கு மேல் ஒரு சாண்கூடத் தேங்காது. சமையலறைச் சன்னலைத் திறந்தால் ஆறு ஏக்கர் சேறு. இருபத்தொரு வயது ஆர்டிஸுக்கு அதைப் பார்த்துப் பார்த்து அழுகையாக வந்தது.

லூமிர் அவருக்காகத்தான் வளையம் செய்தார். இரண்டடி உயர இரும்புத் தகட்டைப் பட்டறையில் தானே வளைத்து, படகில் கொண்டுபோய், குழாயின் வாயில் எட்டு போல்ட் வைத்து முறுக்கினார். வாய் இரண்டடி உயர்ந்ததும் தண்ணீரும் இரண்டடி உயர்ந்தது. சேறு மறைந்தது. அடுத்த வருஷம் கெளுத்திக் குஞ்சு வாங்கி விட்டார்கள். ஆர்டிஸ் சன்னலுக்குப் புதுத் திரை தைத்துப் போட்டார்.

(* "காதலுக்காகச் செய்தார்" என்று எழுதி அடித்துவிட்டேன். லூமிர் காதில் அந்த வார்த்தை விழுந்திருந்தால் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போயிருப்பார். "தகடு சும்மா கெடந்துச்சு" என்பதுதான் அவர் சொல்லக்கூடியது.)

மூன்று

வளையம் ஊரறிந்த ரகசியம். ஜூன் முதல் சனிக்கிழமை ஹோலப் தீயணைப்புத் தொண்டர்கள் நடத்தும் மீன்பிடிப் போட்டி வாவ்ரா குளத்தில்தான் நடக்கும். மாநில அலுவலகத்திலிருந்து பரிசோதனைக்கு ஆள் வருவதாகக் கடிதம் வந்தால், சாயங்காலத்துக்குள், ஊரே கூடிப் பேசும் தானியக் கிடங்கில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இரண்டு நாள் முன்னதாகப் படகில் போய் எட்டு போல்டையும் கழற்றுவார்கள். வளையம் கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக்கொள்ளும். கோடையாக இருந்தால் பரிசோதகர் கார் ஏறின மறுநாள் திரும்பி வந்துவிடும். வருஷக் கணக்காக இப்படி நடந்தது. பாதிரியாரே ஒரு தடவை படகைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

இங்கே பரிசோதகர் வர வேண்டும். முதல் பிரதியில் அவருக்குக் கென்ட் என்று பேர் வைத்திருந்தேன். கென்ட் இளைஞன், நல்ல பிள்ளை, கொஞ்சம் கிட்டப்பார்வை. கரையில் நடந்து பொந்துகளை எண்ணுகிறான், மரக்கன்று முளைத்திருந்தால் பிடுங்கச் சொல்கிறான், "திருப்தி" என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டுப் போகிறான். ஒரு பாவமும் அறியாதவன்.

இரண்டு பக்கம் போனதும் கென்டை என்னாலேயே நம்ப முடியவில்லை. தண்ணீர் முந்தாநாள் இறங்கியிருக்கிறது. குளத்தைச் சுற்றி ஈரச் சேறு பட்டையாகத் தெரிகிறது. சிப்பிகள் வாயைப் பிளந்து கிடக்கின்றன. குழாயின் விளிம்பில் எட்டு துளை, எட்டிலும் புது கிரீஸ். இதைப் பார்த்துவிட்டுமா ஒருவனுக்கு ஒன்றும் தெரியாமல் போகும்?

கென்ட் என்று யாரும் இல்லை. நான்தான். பேர் சொக்கநாதன். ஹோலப்பில் நேதன்.

முதல் தடவை போனபோது லூமிர் என்னோடு கரையில் நடந்து வந்தார். நான் சேற்றைக் காட்டினேன்.

"தண்ணி திடீர்னு எறங்கின மாதிரி இருக்கே, லூமிர்."

"வறட்சி."

"போன வாரம் நாலு அங்குலம் பெஞ்சுதே."

"அது பக்கத்து மாவட்டத்துல."

சிரித்துவிட்டேன். அவரும் தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். வீட்டுக்குள் கசகசா வைத்த கொலாச் என்கிற இனிப்பு ரொட்டி அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது.

"உக்காரு. எட்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்திருப்ப" என்றார் ஆர்டிஸ்.

"ரெண்டு மணி நேரந்தாங்க."

"மூஞ்சியப் பாத்தா எட்டு மணி நேரம்னு சொல்லுது. சாப்பிடு."

அடுத்த ஜூனில் போட்டிக்கு அழைத்து, மீனை அளக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அதுவரை யாரும் என்னை எதற்கும் நடுவராக வைத்ததில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதற்கப்புறம் அந்தச் சேற்றுப் பட்டை என் கண்ணில் படவே இல்லை.

நான்கு

லூமிர் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். குளிர்காலத்துக்காக அக்டோபரில் வளையத்தைக் கழற்றினால், மார்ச் தாண்டி, பனியெல்லாம் உருகி ஓடி முடிந்த பிறகுதான் மாட்டுவார். அவருக்குப் பின் டேரனும் அப்படியே செய்தான்.

ஆனால் வெள்ளத்துக்கு முந்தின வருஷம் குளிர்காலம் கொடுமை. பனிக்கட்டி கனமாகப் பிடித்து, ஆழமில்லாத தண்ணீரில் மீனெல்லாம் மூச்சு முட்டிச் செத்து, ஏப்ரலில் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஒரு வாரம் ஆர்டிஸ் சன்னல் திரையை விலக்கவில்லை. அந்த ஜூனில் போட்டி நடக்கவில்லை. லூமிர் செத்ததைவிட அது அதிகம் வலித்தது என்று ஒரு தடவை என்னிடம் சொல்லிவிட்டு, உடனே, "அத எழுதாத" என்றார்.

(* எழுதிவிட்டேன்.)

அதே வருஷம் அக்டோபரில் மருமகனும் மாமியாரும் முற்றத்தில் பேசிக்கொண்டது இது:

"இந்த வருஷம் கழட்ட வேண்டாம், டேரன். ஆழம் இருந்தாத்தான் மீனு தாங்கும்."

"செவ்வாக்கெழம நேதன் வர்றாரே."

"வரட்டும். அவன்கிட்ட நான் பேசிக்குறேன்."

"லூமிர் இருந்தா விடமாட்டாரு, ஆர்டிஸ்."

"லூமிர் எங்க இருக்காரு? நாந்தான இருக்கேன்."

நான் அப்போது அங்கே இல்லை. ஆர்டிஸ் சொல்லித்தான் தெரியும். சொல்லும்போது கடைசி வரியை இரண்டு முறை சொன்னார்.

செவ்வாய்க்கிழமை போனேன். வளையம் குழாயின் மேல் பட்டவர்த்தனமாக நின்றது. மூன்று பேரும் கரையில் நின்றுகொண்டிருந்தோம். "குளுரு முடியுறவரைக்கும் இருந்துட்டுப் போவட்டுமா, நேதன்? மீனுக்காகத்தான்" என்று ஆர்டிஸ் கேட்டார்.

அதற்கு நான் சொன்னது

மேலே காட்டு வாத்துக் கூட்டம் ஒன்று தெற்கே போய்க்கொண்டிருந்தது. நான்

பொய். வாத்து எதுவும் போகவில்லை. வெறும் வானம். நான் அண்ணாந்து அந்த வெறும் வானத்தைப் பார்த்தபடி, "என்ன கேட்டீங்க? வாத்துக் கூட்டத்தப் பாத்துக்கிட்டிருந்தேன், வேற எதையும் பாக்கல" என்றேன். டேரனும் அண்ணாந்து பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்து, என் முதுகில் ஒன்று வைத்தான். ஆர்டிஸ் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

படிவத்தில், "திருப்தி".

ஐந்து

இனி மழையைத் தள்ளிப்போட முடியாது.

நிலம் கல்லாக உறைந்திருந்தது. அதன் மேல் ஒரு அடி பனி. பனி மேல் காலையிலிருந்து வெதுவெதுப்பான மழை. ஒரு சொட்டும் மண்ணுக்குள் இறங்க வழியில்லை, அத்தனையும் குளத்துக்குத்தான் வந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு ஆர்டிஸ் சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்தார். குளம் தன் பனிக்கட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியது. கரையின் ஓரத்தில் மறுகால் இருக்கிறது, குழாய் தாங்காத தண்ணீர் வழிந்து போவதற்காக விட்ட புல் சரிவு. ஐம்பது வருஷத்தில் ஒரு தரம்கூடப் பாய்ந்து அவர் பார்த்ததில்லை. இப்போது தண்ணீர் அதன் வாசலில் நின்றது.

மறுகாலுக்கு நேர் கீழே ஓடைப் பட்டி. கன்று ஈனும் மாடுகளை டேரன் அங்கேதான் அடைத்திருந்தான். காற்று அண்டாத இடம். மாடுகளை மேட்டுக்கு விரட்டிவிட்டு, நடக்கத் தெரியாத கன்றுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஆர்டிஸ் போன் செய்தார்.

"தண்ணி மறுகால்கிட்ட வந்திருச்சு. மேல வந்துரு."

"ஏழு ஏத்தியாச்சு. நாலுதான் பாக்கி."

"கெடக்குது விட்டுட்டு வா, டேரன்."

"நாலுதான? ஊருக்கு முன்ன பதறாதீங்க. காப்பியப் போட்டு வைங்க, வர்றேன்."

ஆர்டிஸ் காப்பி போட்டார்.

மறுகால் பாய்ந்தபோது தண்ணீர் மட்டும் வரவில்லை. கதவு அகலத்துக்குப் பனிக்கட்டிகள் சரிவில் இறங்கின. டேரன் கையில் ஒரு கன்று இருந்தது. அவன் ஆரஞ்சு நிற மழைச்சட்டை போட்டிருந்ததால் சன்னலிலிருந்து எல்லாம் நன்றாகத் தெரிந்தது. அதற்கு மேல் ஆர்டிஸ் பார்த்ததை அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டு எழுதுகிற கதை இது இல்லை.

அணை உடையவில்லை. ஹோலப்பில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் நுழையவில்லை. வாவ்ரா அணை ஊரைக் காப்பாற்றியதற்கு நன்றி தெரிவித்து ஊர் மன்றத்திலிருந்து ஆர்டிஸுக்கு ஒரு கடிதம் வந்தது. பிரிக்காமல் வைத்திருக்கிறார்.

ஆறு

முடிவு எழுத வேண்டிய இடம். கைவசம் சில இருக்கின்றன.

ஆர்டிஸிடம் போய், "வளையம் இருந்தாலும் இல்லாட்டியும் அந்த மழைக்கு எல்லாம் ஒண்ணுதாங்க" என்று சொல்லலாம். அவர் ஜோலீனிடம் சொல்வார். எட்டு மாதமாக அம்மாவும் மகளும் மாட்டுத் தீவனத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறார்கள், அது மாறும். நானும் தூங்குவேன். ஆனால் இதை அவர்களுக்காகச் சொல்கிறேனா, என் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறேனா? என்னைக் கேட்டால் எனக்கே தெரியாது.

"உறுதியாச் சொல்ல முடியாதுங்க" என்று மழுப்பலாம். எங்கள் தொழிலில் பாதிப் பேர் இந்த ஒரு வாக்கியத்தில் பிழைக்கிறோம்.

தெரியாமல் இருந்தால் சொல்லலாம். எனக்குத் தெரியும். ஏப்ரலில் அலுவலகத்தில் கணக்குப் போடச் சொன்னார்கள்: இவ்வளவு வெள்ளத்துக்கு இந்த அணை எப்படித் தாங்கியது என்று. படிவத்தில் வளையம் கிடையாது, அதனால் வளையம் இல்லாத அணைக்குப் போட்டேன். கணக்குப்படி மறுகால் பாய வேண்டிய நேரம் ஒன்று, உண்மையில் பாய்ந்த நேரம் வேறு. யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, வளையத்தோடு போட்டேன். அச்சாகப் பொருந்தியது. இரண்டுக்கும் நடுவே 47 நிமிடம். வளையம் இல்லாமலிருந்தால் மறுகால் அவ்வளவு நேரம் கழித்துத்தான் பாய்ந்திருக்கும்.

நாலு கன்றை ஏற்ற டேரனுக்கு இருபது நிமிடம் போதும்.

இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஹோலப் பக்கம் தமிழ் படிக்கத் தெரிந்தவர் என்னைத் தவிர யாரும் இல்லை. நீங்கள் படிப்பீர்கள், உச்சுக் கொட்டுவீர்கள், உங்களில் ஒருவரும் ஜோலீன் வீட்டுக் கதவைத் தட்டப் போவதில்லை. உண்மையைச் சொன்ன மாதிரியும் ஆச்சு, மாட்டிக்கொள்ளாத மாதிரியும் ஆச்சு. இதைவிட வசதி எனக்கு எங்கே கிடைக்கும்?

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடித்து, தேதி போட்டு, நோட்டை மூடியும் வைத்தேன்.

ஏழு

ஆர்டிஸ் போன் செய்தார். "என்னமோ எழுதுறேன்னியே, அத எடுத்துக்கிட்டு வா" என்றார்.

போனேன். நவம்பர், பிற்பகல். குளத்தில் தண்ணீர் வளையம் வைப்பதற்கு முந்தின பழைய மட்டத்தில் கிடந்தது, சுற்றிலும் சேறு. சமையலறை மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து, "படி" என்றார்.

"உங்களுக்கு ஒரு வார்த்தையும் புரியாதுங்க."

"சின்ன வயசுல பூசையெல்லாம் லத்தீன்லதான். புரிஞ்சா உக்காந்திருந்தேன்? படி நீ."

படித்தேன். லூமிர் பேர் வந்தபோதெல்லாம் தலையை அசைத்தார். டேரன் பேர் வந்தபோது மேசைத் துணியின் ஓரத்தைச் சுருட்டத் தொடங்கினார். ஆறாம் பகுதியில் என் குரல் இறங்கிப் போயிருக்க வேண்டும். கையை நீட்டி நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டு, வரிவரியாக விரலை ஓட்டினார்.

"இத எப்படித்தான் படிக்கிறியோ" என்றார். அப்புறம் விரல் நின்றது. "இது நம்பருதான?"

"ஆமாங்க."

"நாப்பத்தேழு."

எண்ணை எழுத்தால் எழுதுவது என் பழக்கம். இந்தக் கதை முழுக்க அப்படித்தான், வேண்டுமானால் திருப்பிப் பாருங்கள். அது ஒன்று மட்டும் கணக்குத் தாளில் இருந்தபடியே வந்து உட்கார்ந்திருக்கிறது. கை தவறிவிட்டது என்று உங்களிடம் சொல்லலாம். கைதான் தவறியதா என்று எனக்கே நிச்சயமில்லை.

"நிமிஷமா?" என்றார் ஆர்டிஸ்.

தலையாட்டினேன்.

அவர் விரலை எடுக்கவில்லை. "நாலு கன்னத் தூக்க எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியும். நாப்பது வருஷம் தூக்கியிருக்கேன்" என்றார். "கழட்ட வேண்டாம்னு நாந்தான் சொன்னேன்."

"நான் பாத்தேன், ஆர்டிஸ். பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

"நீ பாத்ததப் பாத்துக்கிட்டுத்தான நானும் நின்னேன்."

பிறகு அவர் எழுந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ஆணியிலிருந்து கோட்டை எடுத்தார்.

"ஜோலீன் வேலைலேந்து வந்திருப்பா. இப்பவே போய்ச் சொல்லிடுறேன், நாளைக்குன்னா எனக்குத் தைரியம் வராது." ஒரு கையை உள்ளே விட்டபடி, "நீ வரலேன்னாலும் பரவால்ல. உன் பேர எடுக்காமலும் என்னால சொல்ல முடியும். எனக்காக வச்ச வளையம், நான் கழட்ட விடல, அவ்வளவுதான். அதுவும் பொய் இல்ல" என்றார்.

அவரால் முடியும். அப்படிச் சொன்னால் என் வேலை, என் உரிமம், போட்டியில் நான் நிற்கிற இடம், எல்லாம் அப்படியே இருக்கும். ஒரு பெண் தன் அம்மாவை மட்டும் வெறுத்துக்கொண்டு மிச்ச நாளைக் கழிப்பாள்.

இந்த இடத்துக்கு இரண்டு முடிவு எழுதினேன். ஒன்றில் எழுந்து போகிறேன். படித்ததும் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள் என்று தோன்றியது, அதனால் கிழித்தேன். இன்னொன்றில் உட்கார்ந்தே இருக்கிறேன். அதைப் படித்தால், இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருக்கிறானே என்று பாராட்டுவீர்கள் என்று தோன்றியது, அதையும் கிழித்தேன். உங்களிடமிருந்து இரண்டையும் வாங்கிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. நான் என்ன செய்தேன் என்பதை ஜோலீனுக்குத்தான் முதலில் தெரிவிக்க வேண்டும், அவளுக்குத் தமிழ் தெரியாது. அதற்கு முன்னால் தெரிந்தாக வேண்டுமென்றால், என் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்டிஸ் கதவைத் திறந்து, கைப்பிடியைப் பிடித்தபடி நிற்கிறார்.

"வர்றதுன்னா வா, நேதன்" என்கிறார். "வீட்டுச் சூடெல்லாம் வெளிய போகுது."